நீரில் மூழ்கும் மரணங்கள்: மருத்துவ ஆய்வுகள் கூறுவது என்ன?

சொந்த ஊரில் வாழ்ந்தபோது எமது தண்ணீரை நாம் அறிந்திருந்தோம். எந்தக் கிணற்றின் கட்டு இடிந்துள்ளது, குளத்தின் எந்தப் பக்கம் திடீரெனப் பள்ளமாகின்றது, வான் பாயும் நாட்களில் எந்த வாய்க்காலில் இறங்கக்கூடாது என்பவை பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தன. இடம்பெயர்ந்து குடியிருக்கும் இடத்தில் இந்த அறிவு எமக்கு இல்லை. வேறொருவரின் காணியில் கட்டில்லாத தோட்டக்கிணறு இருக்கின்றது. குடிசைக்குப் பின்னால் மண் அகழ்ந்த குழி மழைநீரால் நிரம்பியிருக்கின்றது. தண்ணீர் சேமிக்க வைத்த பரல் மூடியின்றி நிற்கின்றது. காணிக்குத் திரும்பிச் செல்பவர்களின் நிலையும் இதுதான். ஆண்டுக்கணக்காகப் பற்றை மூடிக் கிடந்த கிணறும் துரவும் எங்கே இருக்கின்றன என்பது வேறிடத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குத் தெரியாது.

உலக சுகாதார நிறுவனம் 2024 டிசெம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்துள்ளனர். இவர்களில் 24 வீதமானோர் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். மேலும் 19 வீதமானோர் 5 முதல் 14 வயது வரையானவர்கள். இம்மரணங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை வறிய நாடுகளிலும் நடுத்தர வருமானமுள்ள நாடுகளிலும் நிகழ்ந்தவை. அதாவது, எம்மைப் போன்ற கிராமத்து மக்களே இம்மரணங்களுக்குப் பெரும்பாலும் ஆளாகின்றனர்.

இம்மரணங்கள் பற்றி எம்மிடையே நான்கு எண்ணங்கள் ஊறிப்போயுள்ளன. மூழ்குபவர் கத்திக் கூப்பிடுவார் என்பது முதலாவது. உள்ளே போன தண்ணீரை வெளியே எடுத்தால் உயிர் திரும்பும் என்பது இரண்டாவது. தண்ணீரில் கிடந்த சடலம் என்றால் அது மூழ்கி இறந்ததுதான் என்பது மூன்றாவது. பிள்ளை மூழ்கினால் அது தாயின் கவலையீனம் என்பது நான்காவது. மருத்துவர்களும் சட்ட மருத்துவ நிபுணர்களும் நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவந்த ஆய்வுகள் இந்த நான்கையும் பொய்யெனக் காட்டியுள்ளன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சத்தமின்றி நிகழும் மரணம்

அமெரிக்காவின் நியூயோர்க் நகரக் கடற்கரையொன்றில் உயிர்காப்பாளராகப் பணியாற்றிய பிராங் பியா என்பவர், நீந்தத் தெரியாதோர் மூழ்குவதையும் அவர்கள் மீட்கப்படுவதையும் படம்பிடித்து ஆராய்ந்தார். 1974இல் அவர் வெளியிட்ட அவதானிப்புகள் இன்று உலகெங்கும் உயிர்காப்பாளர்களுக்குக் கற்பிக்கப்படுகின்றன.

அவர் கண்டது இதுதான். மூழ்குபவரின் வாய் நீர்மட்டத்துக்கு மேலே வருவது ஒரு கணம் மட்டுமே. அந்தக் கணம் மூச்சை விட்டு மீண்டும் இழுப்பதற்கே போதாது. குரல் என்பது மூச்சில் பிறப்பது. மூச்சுக்கே வழியில்லாதபோது கூப்பிட முடியாது. கையை உயர்த்தி ஆட்டவும் முடியாது. கைகள் தாமாகவே பக்கவாட்டில் விரிந்து தண்ணீரை கீழ்நோக்கி அழுத்துகின்றன. கால்கள் உதைப்பதில்லை. உடல் நிமிர்ந்தபடி நிற்கின்றது. இவ்வாறான போராட்டம் 20 முதல் 60 செக்கன்கள் வரையே நீடிக்கின்றது. அதன் பின்னர் அவர் அமிழ்ந்துவிடுகின்றார்.

கரையில் நிற்பவருக்கு இது விளையாட்டுப் போலவே தோன்றும். பிள்ளை நீரில் நிமிர்ந்து நின்று, தலையைப் பின்னே சாய்த்து, வாயைத் திறந்தபடி, கேட்டதற்குப் பதில் சொல்லாதிருந்தால் அதுவே ஆபத்தின் அடையாளம். நீரில் விளையாடும் பிள்ளைகள் சத்தமிடுவார்கள். சத்தம் நின்றுவிட்டால் உடனே எழுந்து பார்க்க வேண்டும்.

உடலுக்குள் நடப்பது என்ன?

2002ஆம் ஆண்டு ஒல்லாந்தின் ஆம்ஸ்ரர்டாம் நகரில் கூடிய உலக மாநாட்டில் நிபுணர்கள் மூழ்குதலுக்கு ஒரு வரைவிலக்கணத்தை வகுத்தனர். திரவத்துள் அமிழ்வதால் சுவாசம் தடைப்படும் நிகழ்வே மூழ்குதல் என்பது அதன் சாரம். இதில் தண்ணீரின் அளவு பற்றி ஒரு சொல்லும் இல்லை. சுவாசம் பற்றியே பேசப்படுகின்றது.

நீருள் அமிழ்ந்தவர் முதலில் மூச்சைப் பிடித்துக்கொள்கின்றார். சிறிது நேரத்தில் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு பெருகி, மூச்சை இழுக்கும்படி மூளை கட்டாயப்படுத்துகின்றது. அப்போது தண்ணீர் உள்ளே போகின்றது, இருமல் வருகின்றது, சிலரில் குரல்வளை இறுகி மூடிக்கொள்கின்றது. ஒட்சிசன் குறையக் குறைய நினைவு தவறுகின்றது. அடுத்து மூச்சு நிற்கின்றது. ஆனால் இதயம் உடனே நிற்பதில்லை. அது மெல்ல மெல்லத் தளர்ந்து சிறிது நேரத்தின் பின்னரே நிற்கின்றது. இவை யாவும் பெரும்பாலும் சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகின்றன.

மூச்சு நின்றுவிட்டது, இதயம் இன்னும் துடிக்கின்றது என்ற அந்த இடைவெளியே எமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. பிரேசில் நாட்டின் வைத்தியர் டேவிட் ஸ்பில்மன் கடற்கரைகளில் மீட்கப்பட்ட 1,831 பேரின் விபரங்களை ஆராய்ந்து 1997இல் முடிவுகளை வெளியிட்டார். மூச்சு நின்று இதயம் துடித்துக்கொண்டிருந்த நிலையில் மீட்கப்பட்டவர்களில் 44 வீதமானோர் இறந்தனர். இதயமும் நின்ற பின் மீட்கப்பட்டவர்களில் 93 வீதமானோர் இறந்தனர். முதல் நிலையிலிருப்பவர் இரண்டாம் நிலைக்குப் போகாமல் தடுப்பது மூச்சு ஒன்றே.

எடுப்பதற்குத் தண்ணீர் எவ்வளவு இருக்கின்றது?

பிள்ளையைக் கிணற்றிலிருந்து எடுத்ததும் எம்மவர்கள் முதலில் செய்வது என்ன? காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவார்கள், வயிற்றை அமுக்குவார்கள், தோளில் குப்புறப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். வங்காளதேசத்தின் கிராமங்களில் பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றும் வழக்கம் இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

இதையிட்டு நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. 1767இல் ஆம்ஸ்ரர்டாம் நகரில் மூழ்கியோரைக் காப்பாற்றவென ஒரு சங்கம் தோன்றியது. அக்காலத்து ஐரோப்பியர் மூழ்கியவரைப் பீப்பாவின் மேல் போட்டு உருட்டினர். குதவழியாகப் புகையிலைப் புகையைச் செலுத்தினர். அவற்றைச் செய்தவர்கள் படித்த வைத்தியர்கள். ஆய்வுகளே அவர்களைத் திருத்தின. எம்மையும் அவை திருத்தட்டும்.

1940களின் பிற்பகுதியில் அமெரிக்க ஆய்வாளர் ஸ்வானும் அவருடன் பணியாற்றியோரும் நாய்களை வைத்துச் சோதனை நடத்தினர். நன்னீரும் உப்புநீரும் பெருமளவில் நுரையீரலுள் சென்று இரத்தத்தின் தன்மையையே மாற்றிவிடுகின்றன என அவர்கள் கூறினர். அது பல ஆண்டுகளாக நம்பப்பட்டது. ஆனால் 1960களில் வைத்தியர் ஜெரோம் மொடெலும் அவரது குழுவினரும் உண்மையில் மூழ்கிய மனிதர்களை ஆராய்ந்தபோது வேறொன்றைக் கண்டனர். இரத்தத்தின் உப்புக்கள் குறிப்பிடத்தக்க அளவு மாறுவதற்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 22 மில்லிலீற்றருக்கு மேல் நீர் நுரையீரலுள் செல்ல வேண்டும். மனிதர் பெரும்பாலானோரில் அவ்வளவு நீர் செல்வதில்லை.

ஆனால் மூச்சைக் கெடுப்பதற்கு மிகச் சிறிதளவு நீரே போதும். ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 3 மில்லிலீற்றர் வரை சென்றாலே ஒட்சிசன் இரத்தத்தில் சேர்வது பாதிக்கப்படுகின்றது. 15 கிலோ எடையுள்ள பிள்ளைக்குக் கணக்குப் பார்த்தால் அது 15 முதல் 45 மில்லிலீற்றர் வரைதான். கூடியது மூன்று மேசைக்கரண்டி. நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் ஒட்டிப்போகாமல் விரிந்து நிற்பதற்கு உள்ளே மெல்லிய வழவழப்பான படலம் ஒன்று உண்டு. தண்ணீர் அப்படலத்தைக் கெடுத்துவிடுகின்றது. காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்கின்றன. உள்ளே போன நீரில் பெரும்பகுதி இரத்தத்தில் உறிஞ்சப்பட்டுவிடுகின்றது. வெளியே எடுப்பதற்கு அங்கே அதிகம் ஒன்றுமில்லை. தேவைப்படுவது காற்றறைகளை மீண்டும் விரிக்கக்கூடிய காற்று.

அப்படியானால் தலைகீழாகப் பிடிக்கும்போது கொட்டும் தண்ணீர் எங்கிருந்து வருகின்றது? அது வயிற்றிலிருந்து வருவது. மூழ்கும்போது விழுங்கிய நீர் உணவுடன் கலந்து மேலே வந்து, நினைவற்றவரின் மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடுகின்றது. நன்மை செய்வதாக எண்ணி நாம் இரண்டாவது தடவையாக மூச்சை அடைக்கின்றோம். அத்துடன் கையிலிருந்த நிமிடங்களும் போய்விடுகின்றன. தொண்டையில் உணவு சிக்கியவருக்காக வயிற்றை அமுக்கும் முறையை வகுத்த அமெரிக்க வைத்தியர் ஹைம்லிக், மூழ்கியவர்களுக்கும் அதனையே செய்யும்படி வலியுறுத்திவந்தார். 1990களில் அமெரிக்க மருத்துவ நிபுணர் குழுவொன்று இதனை ஆராய்ந்து, மூழ்கியவர்களுக்கு வழமையாகச் செய்வதற்கு இது ஏற்றதல்ல என முடிவு கூறியது.

வாயோடு வாய் வைத்து மூச்சூதும் முறையின் பயனை 1950களில் வைத்தியர்கள் ஜேம்ஸ் ஈலமும் பீற்றர் சபாரும் நிரூபித்தனர். நெஞ்சை அழுத்தி இரத்த ஓட்டத்தைக் காக்கும் முறை 1960இல் வெளியானது. இன்றுவரை இவ்விரண்டுமே உயிர்காக்கும் வழிகள்.

செய்ய வேண்டியவை

கீழே உள்ளவற்றை வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

1. உரத்துக் கூப்பிட்டு ஆட்களைச் சேருங்கள். நீங்கள் குதிக்க வேண்டாம். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறந்த நிகழ்வுகள் உலகெங்கும் ஏராளம். கயிறு, முடிச்சிட்ட சேலை, கொக்கத்தடி ஆகியவற்றை நீட்டுங்கள். மூடி இறுக்கிய வெற்றுப் பிளாஸ்ரிக் கான் அல்லது ரயர் ரியூப்பை எறியுங்கள்.

2. வெளியே எடுத்ததும் சமதரையில் மல்லாக்கக் கிடத்துங்கள். நெற்றியைப் பின்னே சாய்த்து நாடியை மேலே உயர்த்துங்கள். மூச்சு வருகின்றதா என 10 செக்கன்களுக்கு மேற்படாமல் பாருங்கள்.

3. மூச்சு இல்லையேல், மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து, நெஞ்சு உயரும்படி ஐந்து தடவை ஊதுங்கள். ஒவ்வொரு ஊதலும் ஒரு செக்கன். கைக்குழந்தையாயின் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி மெதுவாக ஊதுங்கள்.

4. அசைவோ மூச்சோ திரும்பாவிடின் நெஞ்சின் நடுவே 30 தடவை அழுத்துங்கள். பின்னர் 2 தடவை ஊதுங்கள். இவ்வாறே மாறி மாறிச் செய்யுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை என்ற வேகம் வேண்டும். பெரியவர்களுக்கு இரண்டு கைகளாலும் 5 சென்ரிமீற்றர் ஆழம் வரை அழுத்த வேண்டும். பிள்ளைகளுக்கு நெஞ்சின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு ஆழம். சிறு பிள்ளைக்கு ஒரு கையும் கைக்குழந்தைக்கு இரண்டு பெருவிரல்களும் போதும்.

5. வாயில் நுரை வந்தால் அதைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டாம், தொடர்ந்து ஊதுங்கள். சத்தி எடுத்தால் ஒருபக்கமாகத் திருப்பி வாயைச் சுத்தம் செய்து மீண்டும் தொடருங்கள்.

6. ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வண்டியைக் கேட்கட்டும். மூச்சு திரும்பினால் ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்தி, நனைந்த உடையை நீக்கி, போர்த்துவிடுங்கள். எழுந்து பேசினாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். நுரையீரல் சில மணித்தியாலங்களுக்குள் மோசமடையக்கூடும்.

மூச்சூதாமல் நெஞ்சை மட்டும் அழுத்தினால் போதும் என்று சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். அது வளர்ந்தவர் ஒருவர் திடீர் மாரடைப்பால் விழும்போது பொருந்துவது. அவரது இரத்தத்தில் ஒட்சிசன் இன்னும் இருக்கின்றது. மூழ்கியவரின் இரத்தத்தில் அது தீர்ந்துவிட்டது. ஆகையால் இங்கே மூச்சே முதலிடம் பெறுகின்றது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1986இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உறைபனி உருகி ஓடிய ஆற்றில் 66 நிமிடங்கள் அமிழ்ந்திருந்த இரண்டரை வயதுச் சிறுமி உயிர் பிழைத்தாள். மிகக் குளிர்ந்த நீர் அவளது உடலை வேகமாகக் குளிரச் செய்ததால் மூளையின் ஒட்சிசன் தேவை குறைந்தது. எமது கிணறும் குளமும் அவ்வளவு குளிர்ந்தவையல்ல. இங்கே நிமிடங்களே கணக்கு. ஐந்து நிமிடத்துக்குள் எடுக்கப்பட்டவருக்கு நல்ல நம்பிக்கை உண்டு. நேரம் நீள நீள அது வேகமாகக் குறைகின்றது. வைத்தியசாலை எவ்வளவு தூரத்தில் இருந்தாலும், அருகில் நிற்பவரின் மூச்சு உடனே கிடைக்கும்.

சடலம் சொல்வதும் சொல்லாததும்

காப்பாற்ற முடியாமற் போனால் குடும்பத்தினர் பிரேத பரிசோதனையை எதிர்கொள்ள வேண்டியுள்ளது. "தண்ணீரில் கிடந்தது எல்லோருக்கும் தெரியுமே, ஏன் வெட்டிப் பார்க்க வேண்டும்?" என்று கேட்பது இயல்பே. இக்கேள்விக்குப் பதிலளிக்கச் சட்ட மருத்துவம் பெற்ற அறிவைச் சுருக்கமாகத் தருகின்றோம்.

மூழ்கி இறந்தவரின் வாயிலும் மூக்கிலும் மெல்லிய வெண்ணுரை காணப்படலாம். நுரையீரல் ஊதிப்பெருத்திருக்கலாம். அதன் மேற்பரப்பில் தோன்றும் மங்கிய செந்நிறப் புள்ளிகளை 1888இல் ஒஸ்திரியாவைச் சேர்ந்த பல்டாவ் விபரித்தார். ஆனால் இத்தகைய நுரை வலிப்பாலும் இதயநோயாலும் சில நஞ்சுகளாலும் இறந்தவர்களிடமும் தோன்றும். கைகால் தோல் வெளுத்துச் சுருங்கியிருப்பது, உடல் நீரில் கிடந்தது என்பதை மட்டுமே காட்டும். இறந்த பின் வீசப்பட்ட உடலிலும் தோல் அவ்வாறே சுருங்கும். மணலும் நீரும் இறந்த பின்னரும் மூச்சுக்குழலுள் புகலாம்.

1921இல் நியூயோர்க்கைச் சேர்ந்த இரசாயன நிபுணர் கெற்லர், இதயத்தின் இடப்புற வலப்புற இரத்தத்திலுள்ள குளோரைட்டின் அளவை ஒப்பிடும் முறையொன்றை வெளியிட்டார். இறந்த பின் இரத்தம் தானாகவே மாற்றமடைவதால் அம்முறை நம்பகமற்றதெனப் பின்னர் தெரியவந்தது. அதற்கு முன்னரே, 1904இல், ரெவென்ஸ்ரோவ் என்ற ஜேர்மனியர் வேறொரு வழியைக் காட்டியிருந்தார். குளத்திலும் ஆற்றிலும் கடலிலும் தயற்றம் எனப்படும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் உள்ளன. அவற்றின் ஓடு கண்ணாடியை ஒத்த சிலிக்காவினால் ஆனது. கடும் அமிலத்திலும் கரையாது. உயிருடன் நீருள் விழுந்தவர் மூச்சை இழுக்கும்போது அவை நுரையீரலுள் சென்று இரத்தத்தில் கலக்கின்றன. துடிக்கும் இதயம் அவற்றை ஈரலுக்கும் எலும்பின் மச்சைக்கும் கொண்டுசேர்க்கின்றது. இறந்த பின் வீசப்பட்டவரின் இதயம் துடிக்காது. எனவே அவை எலும்புக்குள் போகமாட்டா. எலும்பில் காணப்படுபவையும் கிணற்று நீரில் காணப்படுபவையும் ஒரே வகையா என ஒப்பிட்டும் பார்க்கலாம்.

அருமையான இச்சோதனைக்கும் குறைகள் உண்டு. தயற்றம் குறைவாயுள்ள நீரில் மூழ்கியவரிடம் அவை கிடைக்காமற் போகலாம். உணவாலும் காற்றாலும் உட்சென்ற சில, மூழ்காதவரிடமும் காணப்படலாம். ஆகவே நூறு ஆண்டுகள் கடந்தும் இதனை நிபுணர்கள் விவாதித்தே வருகின்றனர்.

மூழ்கி இறந்தமையைத் தனியே நிரூபிக்கும் ஒரேயொரு அடையாளம் இன்றுவரை இல்லை. வைத்தியர் மற்றைய காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கி, இறந்தவரின் நோய்கள், இடம், சாட்சிகள் ஆகியவற்றோடு சேர்த்தே முடிவுக்கு வருகின்றார். இதனாற்றான் உடலைத் திறந்து பார்ப்பது அவசியமாகின்றது. எமது நாட்டில் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் கீழ் திடீர் மரண விசாரணை நடத்தப்படுகின்றது.

இது எமக்கு ஏட்டறிவு அல்ல. 1995ஆம் ஆண்டில் கொழும்புக்கு அண்மையில் பொல்கொடை ஏரியிலும் வேறு நீர்நிலைகளிலும் தமிழ் இளைஞர்களின் சடலங்கள் மீட்கப்பட்டன. அவர்கள் கொல்லப்பட்டு நீரில் வீசப்பட்டவர்கள். நீரில் கிடந்தார்கள் என்பதோடு விசாரணை முடிந்திருந்தால் அந்த உண்மை நீரோடு போயிருக்கும்.

மறுபக்கமும் உண்டு. சடலத்தின் கண்ணிமையிலும் காதிலும் உதட்டிலும் காயத்தைக் கண்டதும் அயலவர் மீது கொலைப்பழி சுமத்திக் குடும்பங்கள் பிரிகின்றன. மீனும் நண்டும் ஆமையும் மென்மையான பகுதிகளையே முதலில் கடிக்கும். கிணற்றுக் கட்டில் தலை அடிபட்டும் காயம் ஏற்படலாம். உயிருள்ளபோது ஏற்பட்ட காயத்தில் திசுக்களுக்குள் இரத்தம் கசிந்திருக்கும். இதைக் கொண்டு வைத்தியர் வேறுபாட்டைக் காண முயல்வார். வெப்பமான நீரில் உடல் விரைவில் பழுதடைவதால் சில நாட்களில் இந்த அடையாளங்களும் அழிந்துபோகும். ஆகையால் பழி சொல்வதற்கு முன் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருங்கள். வலிப்பு, மதுபானம், மனக்கவலை எதுவாயினும் மறைக்காது கூறுங்கள். உங்கள் வாக்குமூலத்தை விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். விளங்காத தாளில் ஒப்பமிட வேண்டாம்.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை எமது நாட்டில் 30,000இற்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. நோய் பரவும் என்ற அச்சத்தில் பலர் அடையாளம் காணப்படாமலே புதைக்கப்பட்டனர். இயற்கை அனர்த்தத்தில் இறந்தவர்களின் உடல்களால் கொள்ளைநோய் பரவுவதில்லை என்பதே சுகாதார நிபுணர்களின் முடிவு. அவ்வாறான வேளையிலும் ஒரு படம், உடையின் விபரம், உடலுக்கும் புதைகுழிக்கும் ஓர் இலக்கம் ஆகியவற்றைப் பதிவுசெய்ய நேரமுண்டு. அந்தப் பதிவு இல்லாத குடும்பங்கள் ஆண்டுக்கணக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

தாயைப் பழி சொல்லலாமா?

குளங்களும் வெள்ளமும் நிறைந்த வங்காளதேசத்தில் 2003இல் நடத்தப்பட்ட பெரிய ஆய்வொன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 17,000 பிள்ளைகள் மூழ்கி இறப்பதாக மதிப்பிட்டது. நாளொன்றுக்கு 46 பிள்ளைகள். ஒன்று முதல் நான்கு வயது வரையானவர்களே பெரும் ஆபத்தில் இருந்தனர். பெரும்பாலான மரணங்கள் வீட்டுக்கு மிக அருகிலுள்ள குளங்களில், முற்பகலில் நிகழ்ந்தன. முற்பகலில் தாய் சமைக்கின்றாள், துவைக்கின்றாள், தண்ணீர் அள்ளுகின்றாள். தந்தை வயலில் நிற்கின்றார். மூத்த பிள்ளைகள் பாடசாலையில் இருக்கின்றனர். தாய் சோம்பியிருந்தபோது பிள்ளை போகவில்லை. அவள் ஒருத்தியே எல்லா வேலையையும் செய்துகொண்டிருந்தபோது போயிற்று.

இதனை உணர்ந்த ஆய்வாளர்கள் ஊருக்குள்ளேயே 'ஆஞ்சல்' எனப்படும் பராமரிப்பு இடங்களை ஏற்படுத்தினர். ஆஞ்சல் என்பது தாயின் முந்தானையைக் குறிக்கும் வங்காளச் சொல். அயல்வீட்டுப் பெண்ணொருவர் பயிற்சி பெற்று, காலை 9 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை சிறு பிள்ளைகளைத் தம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வார். அங்கே சேர்ந்த பிள்ளைகளிடையே மூழ்கி இறத்தல் 80 வீதத்துக்கு மேல் குறைந்ததாக ஆய்வுகள் காட்டின. 2022இல் அந்நாட்டு அரசு 8,000 நிலையங்களை அமைக்கும் திட்டத்துக்கு அனுமதி வழங்கியது.

இதற்கு இயந்திரமோ பெரும் பணமோ வேண்டியதில்லை. ஐந்து குடும்பங்கள் கூடி, முற்பகலில் முறைவைத்து ஒருவர் பிள்ளைகளைப் பார்ப்பதென முடிவெடுத்தால் அதுவே தொடக்கம்.

வலிப்பு நோயுள்ளவர்களையும் மறக்கக்கூடாது. அவர்கள் மூழ்கி இறக்கும் ஆபத்து மற்றையோரைவிட 15 முதல் 19 மடங்கு அதிகமென 2008இல் வெளியான ஆய்வொன்று கூறுகின்றது. இடப்பெயர்வில் மருந்து தவறிப்போவது வழமை. அவர்கள் கிணற்றிலோ குளத்திலோ தனியே குளிக்காதிருக்கட்டும். மருந்தை மீண்டும் தொடங்க வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வதும் உயிர்காக்கும் பணியே.

உங்கள் கூட்டத்தில் கலந்துரையாட

இக்கட்டுரையைச் சங்கக் கூட்டத்திலோ மாதர் குழுவிலோ வாசித்துப் பின்வருவனவற்றைப் பேசி முடிவெடுக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம்.

நாம் குடியிருக்கும் இடத்தைச் சுற்றிக் கட்டில்லாத கிணறுகள், குழிகள், திறந்த பரல்கள் எத்தனை உள்ளன? பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து நடந்து பார்த்து எண்ணுங்கள்.

காணிச் சொந்தக்காரருடன் பேசி, கட்டு எழுப்பும்வரை முள்வேலியோ பனைமட்டை வேலியோ அடைக்க யார் பொறுப்பு?

ஒவ்வொரு பொதுக்கிணற்றடியிலும் கயிறு கட்டிய வெற்றுக் கான் ஒன்றைத் தொங்கவிட முடியுமா?

முற்பகலில் பிள்ளைகளைப் பார்ப்பதற்கு முறை எவ்வாறு?

மூச்சூதவும் நெஞ்சை அழுத்தவும் பழக்கும்படி பொதுச் சுகாதாரப் பரிசோதகரையோ குடும்பநல உத்தியோகத்தரையோ எப்போது அழைப்பது? வாசித்து அறிந்தது மட்டும் போதாது. கை பழக வேண்டும்.

இறுதியாக, ஏற்கெனவே பிள்ளையைத் தண்ணீருக்குப் பறிகொடுத்த தாய் ஒருத்தி உங்கள் கூட்டத்தில் இருக்கக்கூடும். இவ்வளவையும் அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். அன்று அவளுக்கு இதை எவரும் சொல்லித்தரவில்லை என்பதையும், அந்த வேளையில் அவளருகில் எவரும் இருக்கவில்லை என்பதையும் அவளுக்கு முன்னால் சொல்லுங்கள். அதன் பின்னர் வேலி அடைக்கும் நாளைக் குறியுங்கள்.